பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடர்

பழம்பெரும் நகரம், அதன் நாற்சந்திகள், அங்கே எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்கள் என்று பேச்செடுத்தால் நம் எண்ணம் உடனே ரோமாபுரிக்குச் சென்று விடுகிறது. அது இயற்கையே. 1538ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் பவுல், குதிரைமேல் வீற்றிருக்கும் மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியின் வெண்கலச் சிலையை அந்நகரின் கப்பித்தோல் குன்றின்மேல் கொண்டுவந்து நிறுத்தச் செய்தார். கிறிஸ்தவம் தழுவிய கான்ஸ்டன்டைன் மன்னனின் சிலை அது என்று மக்கள் தவறாக எண்ணியதால்தான் பல நூற்றாண்டுகளாக உருக்கப்படாமல் தப்பியதாம். அதைச் சுற்றி மைக்கேல் ஆஞ்சலோ வகுத்துக் கொடுத்த சதுக்கத்தைக் காண இன்றும் உலக மக்கள் திரள்கின்றனர்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1537ஆம் ஆண்டு வாக்கில், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் மற்றொரு நாற்சந்தி பிறந்தது. அதைக் கடல் கடந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சானமாவைச் சுற்றியுள்ள நம் குடும்பங்களில் வேலைக்கோ, வியாபாரத்துக்கோ, மருத்துவத்துக்கோ பெங்களூர் போகாதவர் அரிது. போகிறவர்களில் பலர் அந்தச் சந்தியைக் கடந்தும் இருப்பார்கள். அதுதான் இது என்று அறிந்திருக்க மாட்டார்கள். அந்தச் சந்தியை வகுத்து, அதைச் சுற்றி ஒரு நகரை எழுப்பியவர் கெம்பே கவுடர். அவருடைய வாழ்க்கையை இங்கே காண்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கெம்பே கவுடரைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றுள் ஒரு பகுதி சரித்திரம். மறு பகுதி ஊரார் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. கதையைக் கதை என்றே இங்கு சொல்லிச் செல்வோம்.

அவருடைய குலத்தின் கதை தமிழ்நாட்டில் தொடங்குகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த ஓர் ஊரில் ரண பைரே கவுடர் என்னும் குடியானவர் வாழ்ந்து வந்தார். அவருடைய மகள் தொட்டம்மாவை மணமுடித்துத் தரும்படி அவ்வட்டாரத்து வலியவன் ஒருவன் நெருக்கினான். அவருக்கு அதில் விருப்பமில்லை. மறுத்து அங்கேயே வாழவும் முடியாது. ஆகவே ஏழு சகோதரர்களும் தங்கள் குடும்பங்களோடு, வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வடமேற்கே நடந்தனர். மலைகளைக் கடந்து, இன்றைய தேவனஹள்ளிக்கு அருகில் உள்ள ஆவதி என்னும் இடத்தில் குடிசை போட்டு, காடு திருத்திப் பயிர் செய்தனர். அவர்களுடைய வழியில் வந்தவர்கள் பின்னர் தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம், எலகங்கா ஆகிய இடங்களில் ஆட்சி செலுத்தினர். ஒரு பெண்ணின் மனத்துக்கு மாறாக அவளைக் கொடுக்க மனமில்லாத தகப்பன் ஊரை விட்டது, பின்னாளில் ஒரு மாநகரம் எழுவதற்கே வழியாயிற்று. பெண்களைப் பெற்ற பெற்றோர் இந்தச் செய்தியை இன்னொரு முறை படிப்பார்கள் என்றே நினைக்கிறோம்.

எலகங்கா கிளையில் கெம்பநஞ்சே கவுடருக்கும் லிங்கம்மாவுக்கும் மகனாகக் கெம்பே கவுடர் பிறந்தார். 1510ஆம் ஆண்டை ஒட்டி அவர் பிறந்ததாகப் பொதுவாகக் கொள்கின்றனர். இளமையில் ஹெசரகட்டாவை அடுத்த ஐகண்டபுரத்தில் குருகுலவாசம் செய்ததாகச் சொல்வார்கள். தந்தைக்குப் பின் எலகங்காவின் தலைமை அவரிடம் வந்தது. அவர் முடிமன்னர் அல்லர். விஜயநகரப் பேரரசுக்குக் கப்பம் கட்டி, அழைத்தபோது படை கொடுக்கும் பாளையக்காரர்.

அந்நாளில் விஜயநகரம் எத்தகையது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1520ஆம் ஆண்டை ஒட்டி அங்கே வந்த போர்ச்சுக்கீசியப் பயணி டொமிங்கோ பாயஸ், அது ரோமாபுரி அளவுக்குப் பெரியதாகத் தமக்குத் தோன்றியதாக எழுதி வைத்தார். தேரோடும் அளவுக்கு அகன்ற கடைவீதிகள், கல் மண்டபங்கள், வெகு தொலைவிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் இவையெல்லாம் அங்கே இருந்தன. இளைஞரான கெம்பே கவுடர் அங்கே சென்று இவற்றைக் கண்டு, தம் நாட்டிலும் இப்படி ஒரு நகரம் வேண்டும் என்று மனத்தில் வரைந்து கொண்டதாக மரபு.

இடம் தேர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. வேட்டைக்குப் போனபோது ஒரு முயல் அவருடைய நாயை எதிர்த்துத் துரத்தியதாம்; ஆகவே அது வீரம் விளையும் மண் என்று முடிவு செய்தாராம். முயலை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இதே முயல் நம் நாட்டில் வேறு பல கோட்டைகளின் கதையிலும் ஓடுகிறது. நம்பத்தக்க காரணம் வேறு. அந்த மேட்டு நிலம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயில் கடுமையில்லை, நான்கு பக்கமும் வண்டிப் பாதைகள். பேரரசர் அச்சுதராயரும் அனுமதி தந்ததோடு, பேகூர், வர்த்தூர், ஜிகணி, கெங்கேரி முதலிய பகுதிகளை நகரச் செலவுக்காக அவருக்கு அளித்தார். அவற்றின் வருமானம் ஆண்டுக்கு 30,000 வராகன் என்று கூறப்படுகிறது. இவற்றில் ஜிகணி நமக்கு அந்நியமான பெயரன்று. ராகி அறுவடைக் காலத்தில் சானமாவுக் காட்டுக்கு வருகிற யானைகள் அந்த ஜிகணியை ஒட்டிய பன்னர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்துதான் இறங்கி வருகின்றன.

இனி அந்த நாற்சந்திக்கு வருவோம். ஒரு நல்ல நாளில், நகரின் நடுவாகக் குறித்த இடத்தில் வெள்ளை எருதுகளை நான்கு ஏர்களில் பூட்டி, நான்கு திசைக்கும் உழுது போகச் செய்தார்கள். ஏர் போன சால் தெருவாயிற்று. தென்வடலாகப் போனது தொட்டப்பேட்டை, அதாவது பெரிய பேட்டை. கிழக்கு மேற்காகப் போனது சிக்கப்பேட்டை, அதாவது சின்னப் பேட்டை. தெருக்கள் போய் முடிந்த இடங்களில் வாயில்கள் எழுந்தன. வடக்கே எலகங்கா வாயில், கிழக்கே அலசூர் வாயில், மேற்கே சொண்டெகொப்பா வாயில், தெற்கே ஆனேக்கல் வாயில். ஆனேக்கல் வாயில் வழியே வந்தவர்களில் நம் பக்கத்து மூதாதையரும் இருந்திருப்பார்கள். சுற்றிலும் மண்கோட்டையும் அகழியும் அமைந்தன. அந்த மண் மதில் எப்போதோ கரைந்து போயிற்று. தொட்டப்பேட்டைக்கு இன்று அவென்யூ சாலை என்று பெயர். பழைய புத்தகம் வாங்க மாணவர்கள் கூடும் தெரு அதுதான். அலசூர் கேட் என்ற பெயரோ வாயில் இல்லாத இடத்தில் ஒரு காவல் நிலையத்தின் பெயராக நிற்கிறது.

ரோமாபுரியின் சதுக்கத்துக்கும் இந்தச் சந்திக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே நடுவில் ஓர் அரசர் இருக்கிறார்; மக்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இங்கே நடுவில் எவரும் இல்லை. எருது போன வழியே வியாபாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பேட்டை பிறந்தது. அரிசிக்கு அக்கிப்பேட்டை, ராகிக்கு ராகிப்பேட்டை, பஞ்சுக்கு அரளேபேட்டை, குயவருக்குக் கும்பாரப்பேட்டை, செக்காட்டுவோருக்குக் காணிகரப்பேட்டை, உப்புக் காய்ச்சுவோருக்கு உப்பாரப்பேட்டை, நகர்த்தர் என்னும் வணிகருக்கு நகர்த்தப்பேட்டை, வளையலுக்கு பளேபேட்டை. வளையல் விற்ற பளேபேட்டையில் இன்று வீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் விற்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கைத்தொழிலாளரை வரவழைத்துக் குடியேற்றியதால்தான் கோட்டை நகரமாயிற்று. படையை மட்டும் வைத்திருந்தால் அது வெறும் கோட்டையாகவே நின்று, பின்னர் இடிந்தும் போயிருக்கும். அத்தகைய கோட்டைகளை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைகளில் எத்தனையோ பார்க்கிறோம்.

மக்கள் கூடினால் தண்ணீர் வேண்டும். பெங்களூரில் பெரிய ஆறு கிடையாது. பெய்கிற மழை மேட்டிலிருந்து எல்லாத் திசையிலும் வழிந்தோடி விடும். கெம்பே கவுடரின் பெருஞ்செயல் எது என்று எம்மைக் கேட்டால் கோட்டையைச் சொல்ல மாட்டோம், ஏரிகளையே சொல்வோம். ஓடை இறங்கும் பள்ளத்தின் குறுக்கே மண்கரை போட்டு, மதகு வைத்து, நிறைந்தால் கோடி வழியே நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி அமைப்பதே அந்நாளைய முறை. நம் ஓசூரின் இராமநாயக்கன் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குலதெய்வத்தின் பெயரால் கெம்பாம்புதி, கோட்டைக்கு வடமேற்கே தர்மாம்புதி, கிழக்கே சம்பங்கி ஏரி என்பன அவருடைய காலத்தோடு இணைத்துச் சொல்லப்படுபவை. அம்புதி என்றால் கடல். ஏரிக்கு அப்படிப் பெயர் வைத்தவரின் மனத்தில் தண்ணீருக்கு இருந்த மதிப்பை அதிலிருந்தே அறியலாம்.

அந்த ஏரிகள் எங்கே? ஓசூரிலிருந்து ரயிலில் போய்ப் பெங்களூர் நகர நிலையத்தில் இறங்கி, எதிரே மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்குள் நுழைகிறவர்கள் தர்மாம்புதி ஏரியின் படுகையில்தான் நடக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏரி வற்றியது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. ஏரி தேவையற்றதாகக் கருதப்பட்டு மைதானமாகி, பின்னர் பேருந்து நிலையமாயிற்று. பக்கத்துச் சாலைக்கு இன்னும் ஏரிக்கரைச் சாலை என்ற பொருளில் டேங்க் பண்ட் ரோடு என்றே பெயர். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கரகத் திருவிழாவுக்காக ஒரு சிறு குளத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். கெம்பாம்புதி ஏரியாகவே இருக்கிறது, ஆனால் நகரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு. ஏரி கட்டியவருடைய பெயரை அந்தப் பேருந்து நிலையத்துக்கே சூட்டியிருப்பது நமக்கு மனநிறைவைத் தரவில்லை.

அவருடைய வாழ்க்கையில் பெண்களைப் பற்றிய இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று பெரும் புகழ் பெற்றது. மற்றொன்றை அநேகர் அறியார்.

புகழ் பெற்றது மருமகள் லட்சுமம்மாவின் கதை. தெற்கு வாயில் கட்டக் கட்ட இடிந்து விழுந்ததாம். கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைப் பலி கொடுத்தால் நிற்கும் என்று குறி சொல்லப்பட்டதாம். கெம்பே கவுடர் அதற்கு இணங்கவில்லை. ஆனால் கருவுற்றிருந்த லட்சுமம்மா, மாமனாரின் கவலையைக் காணப் பொறாமல், நள்ளிரவில் தனியே அங்கே சென்று வாளால் தன் உயிரை மாய்த்துக் கொண்டாள். அதன்பின் வாயில் நின்றது என்பது கதை. கோரமங்கலாவில் அவளுக்கு நினைவிடம் இருக்கிறது. இது சரித்திரமா என்றால் சான்று இல்லை. இதே கதை பல ஊர்க் கோட்டைகளுக்கும் அணைகளுக்கும் சொல்லப்படுகிறது. இதைத் தியாகம் என்று பாடுகிறவர்கள் பலர். நம்மால் அவர்களோடு சேர்ந்து பாட முடியவில்லை. சுவர் இடிந்தால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும். கடவுள் தந்த இரண்டு உயிர்களைக் கேட்கிற சுவர் நிற்க வேண்டியதே இல்லை. ஆனாலும் அப்படி ஒரு பெண் இருந்து, அவ்வளவு பெரிய பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு இரவில் தனியே நடந்திருந்தால், அவளுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்பதில் நமக்குத் தடையில்லை.

அறியப்படாத செய்தி விரல்களைப் பற்றியது. கெம்பே கவுடர் பிறந்த மொரசு ஒக்கலிகர் சமுதாயத்தின் ஒரு பிரிவில் அந்நாளில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. மூத்த மகளுக்குக் காது குத்தித் திருமணம் பேசுமுன், தாயானவள் தன் கையின் இரண்டு விரல்களின் நுனியைக் காணிக்கையாக வெட்டிக் கொடுக்க வேண்டும். உளி கொண்டு அதைச் செய்ய ஓர் ஆள் இருந்தான். மொரசு நாடு என்பது தூரத்து நாடு அன்று. ஓசூர்ப் பகுதியையே பழைய கல்வெட்டுகள் முரசு நாடு என்கின்றன. ராகி களி கிண்டுகிற கை, களை எடுக்கிற கை, பிள்ளைக்குத் தலை வாருகிற கை. அந்தக் கையில் இரண்டு விரல் குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? கெம்பே கவுடர் இதைத் தடை செய்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்திகளில் தலையானது. வெளியார் ஒருவர் வந்து தடுப்பது வேறு. தம் சொந்தக் குலத்தாரின் வழக்கத்தை, தம் தாயும் பாட்டியும் பின்பற்றியிருக்கக்கூடிய வழக்கத்தை நிறுத்தச் சொல்வது வேறு.

தடை உடனே பலித்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது ஆங்காங்கே நடந்தது. 1823 வரை மைசூர் நாட்டில் பணியாற்றியவரும், அம்மை குத்தும் முறையை அங்கே பரப்பியவருமான பிரெஞ்சுக் குருவானவர் துபுவா, இவ்வழக்கத்தைத் தம் நூலில் குறித்து வைத்திருக்கிறார். பின்னர் அரசாங்கமும் தடுத்தது. விரலை வெட்டுவதற்குப் பதிலாகப் பொன்னாலோ வெள்ளியாலோ உறை செய்து விரலில் மாட்டிக் கழற்றும் சடங்காக அது மாறி, மெல்ல மறைந்தது. ஒரு தலைவரின் ஆணையால் தொடங்கியதை எத்தனையோ தலைமுறைத் தாய்மார்கள் முடித்து வைக்க வேண்டியிருந்தது.

கெம்பே கவுடருக்குத் துன்பமும் வந்தது. நகரம் செழிக்கச் செழிக்கத் தாமே நாணயம் அடிக்கத் தொடங்கினார். நாணயம் பேரரசருக்கு உரியது. அண்டைப் பாளையக்காரர் ஒருவர் மூட்டிவிட, விஜயநகரத்தில் அதிகாரம் செலுத்திய இராமராயர் அவரைப் பிடித்து ஆனேகுந்தியில் சிறை வைத்தார். நிலங்கள் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ 5 ஆண்டுகள் அவர் சிறையில் இருந்ததாகச் சொல்கின்றனர். துங்கபத்திரையின் அக்கரையில் இருப்பது ஆனேகுந்தி. இளமையில் கண்டு வியந்த நகரத்துக்கு எதிர்க்கரையில் கைதியாக இருந்தது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். விடுதலையாகித் திரும்பியபின் நிலங்களும் திருப்பித் தரப்பட்டன. அவர் மீண்டும் நகரப் பணியிலேயே ஈடுபட்டார். பசவனகுடியில் ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்திக்குக் கோயில் எடுத்ததும், கவிபுரத்துக் குகைக் கோயிலைத் திருத்தியதும் அவருடையவை எனப்படுகின்றன.

1565இல் தலைக்கோட்டைப் போரில் இராமராயர் மடிந்தார். ரோமாபுரிக்கு ஒப்பிடப்பட்ட விஜயநகரம் சூறையாடப்பட்டுப் பாழாயிற்று. அதைப் பார்த்துக் கட்டிய சிறிய நகரமோ தப்பிப் பிழைத்தது. நான்காண்டு கழித்து, 1569இல் கெம்பே கவுடர் காலமானார். அவர் எங்கே அடக்கமானார் என்பதே நெடுங்காலம் தெரியாதிருந்தது. 2015ஆம் ஆண்டில் மாகடி வட்டம் கெம்பாபுரத்தில் ஒரு பழைய சமாதி கவனத்துக்கு வந்தது. அது அவருடையதே என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். அதுவரை அந்தக் கிராமத்தாருக்கு அது வயலோரத்துக் கல்மண்டபம்தான்.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1638இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைப்பற்ற, அவருடைய வழியினர் மாகடிக்குச் சென்றனர். நகரம் சிவாஜியின் தந்தை ஷாஜியிடமும், பின் மொகலாயரிடமும் இருந்து, 1690ஆம் ஆண்டு வாக்கில் 3 லட்சம் ரூபாய்க்கு மைசூர் மன்னர் சிக்கதேவராயரிடம் வந்தது. ஹைதர் அலி கோட்டையைக் கல்லால் கட்டினார். 1791இல் காரன்வாலிஸ் அதைப் பிடித்தார். இத்தனை பேர் கை மாறியும் எருது உழுத சந்தி இடம் மாறவில்லை.

நம் காலத்தில் அவருக்கு மரியாதைகள் குவிந்துள்ளன. 2013இல் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2022 நவம்பரில் அங்கே 108 அடி உயரமுள்ள வெண்கலச் சிலை திறக்கப்பட்டது; கையிலுள்ள வாள் மட்டும் 4 டன் எடை. சிற்பி ராம் சுதார். வானூர்தியில் வந்திறங்குவோர் பார்க்கிற அந்தச் சிலையிலிருந்து, மகளைக் காப்பாற்ற ஊரை விட்டு வந்த குடும்பம் முதன்முதல் குடிசை போட்ட ஆவதி அதிக தூரமில்லை. சிலையின் கையில் வாளுக்குப் பதிலாக ஒரு மண்வெட்டியை வைத்திருக்கலாம் என்று நமக்கு ஓர் ஆசை.

அவருடைய குலத்தில் பின் வந்த இரண்டாம் கெம்பே கவுடர் 1597ஆம் ஆண்டு வாக்கில் நகருக்கு வெளியே நான்கு திசையிலும் நான்கு சிறிய கோபுரங்களை எழுப்பினார். ஒன்று அலசூர் ஏரியருகே, ஒன்று கெம்பாம்புதிக் கரையில், ஒன்று வடக்கே மேக்ரி வட்டத்தருகே, ஒன்று லால்பாக் பாறையின்மேல். நகரம் இந்த எல்லை வரை வளரும் என்பது குறிப்பு என்பார்கள். லால்பாக் கோபுரத்தின் அடியில் உள்ள பாறை 300 கோடி ஆண்டுப் பழமையானது. மேலே நின்றால் தெற்கே நம் திசை தெரியும். நகரம் அந்த எல்லையைத் தாண்டி வெகு காலமாகிறது. ஓசூர்ச் சாலை வழியே எலக்ட்ரானிக் சிட்டி வரை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அடுத்து அத்திப்பள்ளி, அதையும் கடந்தால் ஓசூர்.